கன்னி மூலையில் ஒரு வாய்க்கால்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அங்க விடாதீங்க, அது ஈசானிய மூலை, சுத்தமா இருக்கணும். இந்தப் பக்கம் ஸ்டாண்டு இருக்கு பாருங்க. ம், உக்காருங்க. விசாலம், தம்பி வந்துட்டாரு, காபி போடு.

ஆடி மாசத்துல வீடு பாக்கக் கிளம்பி வந்தீங்க பாருங்க, அதுக்கே உங்களைப் பாராட்டணும். புரோக்கர்கிட்ட நான்தான் சொன்னேன், ஆடியிலயே ஆளைக் கூட்டிட்டு வாய்யான்னு. அவன் தலையைச் சொறியறான். ஆடியில யாரு சார் வீடு பாக்க வருவாங்கங்கறான். ஏன் பாக்கக் கூடாது? ஆடியில செங்கல் என்ன கரைஞ்சா போயிடும்? நான் திருச்சியில பாலிடெக்னிக்குல சிவில் பாடம் எடுத்தவன் தம்பி, ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதான் தொழில். எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் ஆகாது. நாள் நட்சத்திரம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நல்ல வீடு கைவிட்டுப் போயிடும். பிடிச்சிருந்தா இந்த மாசத்துக்குள்ளயே அட்வான்ஸைக் கொடுத்துடுங்க. ஆவணி வரைக்கும் இழுக்க வேண்டாம்.

கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்க. ஏதாச்சும் சத்தம் கேக்குதா? ஒரு அணில் கத்துது, அவ்வளவுதான். இந்த அமைதிக்குத்தான் தம்பி விலை. டவுன்ல என்ன கொடுத்தாலும் இது கிடைக்காது.

என்ன பாக்கறீங்க? அந்தக் கட்டடமா? அது பக்கத்து இடம். அதை அப்புறம் சொல்றேன். வெள்ளையடிச்சுப் பளிச்சுன்னு இருக்கு, அதுபாட்டுக்கு அது இருக்கு.

வீடு பூராவும் வாஸ்துப்படி கட்டினது. சிரிக்காதீங்க, வாஸ்து மூடநம்பிக்கையில சேராது. அது சயின்ஸ். இந்த வீட்டுல கன்னி மூலைதான் விசேஷம். அதாவது தென்மேற்கு. வீட்டுக்கு எஜமான் படுக்கிற மூலை. அது உசரமா இருக்கணும், கனமா இருக்கணும், அங்க பள்ளம் இருக்கக் கூடாது. முக்கியமா தண்ணி ஓடக் கூடாது. ஓடினா வீட்டுல எதுவும் தங்காது. இங்க அந்த மூலையில ஒரு பெட்ரூம் போட்டிருக்கேன், இந்த நகர்லயே அப்படி ஒரு ரூம் கிடையாது. அந்த ரூம் மட்டும் பத்திரத்துல வராது. அதனால என்ன? அனுபவம் நம்மளோடது. யாரும் கேக்க மாட்டாங்க, ஏன்னா இந்த வரிசையில எல்லாருமே அப்படித்தான் போட்டிருக்காங்க.

எப்படின்னு கேக்கறீங்களா? சொல்றேன். வாங்கறவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும். நான் எதையும் மறைக்கிற ஆளில்ல.

நாங்க மனை பாக்க வந்தப்ப இங்க பூரா வயலு. மனைக்காரங்க வேன் வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க, மத்தியானம் சாம்பார் சாதம் பொட்டலம் கொடுத்தாங்க. நோட்டீஸ்ல என்ன போட்டிருந்தாங்க தெரியுமா? ஜன்னலைத் திறந்தால் வயல். பேரே வயலோர நகர்தான. நின்னு பாத்தா பச்சைப்பசேல்னு நெல்லு, அதுல கொக்கு. விசாலம் வரப்புல நின்னுட்டா, வரமாட்டேங்கறா. இங்கயே வாங்கிடலாங்கன்னா. அவ எதையும் கேக்கறவ இல்ல. சரின்னு அன்னிக்கே முன்பணம் கொடுத்துட்டேன். அதுலயும் கடைசி வரிசை மனை, வயலுக்கு நேர் ஒட்டி. அதுக்குத் தனி ரேட்டு, காட்சிக்குன்னு.

அந்த வயலு வைரக்கண்ணுங்கறவனோடது. இந்த நகர் இருக்கிற இடமெல்லாம் அவன் பங்காளிங்க நிலந்தான். அவங்கல்லாம் வித்துட்டு எழுந்து போயிட்டாங்க. இவன் மட்டும் விக்கல. நான் உழுதுக்கிட்டு இருக்கேன், இருந்துட்டுப் போறேன்னுட்டான். அப்ப எனக்கு அது பிடிச்சுது. அவன் வித்துட்டா நமக்கு ஜன்னல்ல என்ன தெரியும்?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மனைக்கும் அவன் வயலுக்கும் நடுவுல இருபது அடி சும்மா விட்டிருந்தாங்க. வரிசையா புங்க மரம் வச்சு, அதையொட்டி ஒரு வடிகால் வாய்க்கால். வயல்ல மிஞ்சுற தண்ணியும் நம்ம தெருத் தண்ணியும் அதுல இறங்கித் தெற்கால ஓடைக்குப் போற மாதிரி. அப்ரூவல் பிளான்லயே அது இருந்துச்சு. யாரு போட்ட பிளான் தெரியுமா? என் ஸ்டூடண்ட். இன்பவல்லின்னு ஒரு பொண்ணு, என்கிட்ட டிப்ளமோ படிச்சு, மேல படிச்சு, நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல இருந்தா. குடியிருப்பும் விவசாயமும் உரசிக்காம இருக்க நடுவுல ஒரு இடைவெளி வேணும், தூசி, சத்தம், மருந்து வாடை எல்லாத்தையும் மரம் வாங்கிக்கும், தண்ணியை வாய்க்கால் வாங்கிக்கும்னு எழுதியிருந்தா. நல்லாத்தான் எழுதியிருந்தா. நான் சொல்லிக் கொடுத்தது.

ஆனா பாருங்க, சும்மா கிடக்கிற இடத்தைப் பாத்தா மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. நான் ஆசைப்பட்டு எடுக்கல தம்பி. வீட்டுக்கு வாஸ்து பாக்க ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன், நாமக்கல்காரரு. அவரு வந்ததும் உள்ளயே வரல. கொல்லைப்பக்கம் போய் நின்னாரு. கன்னி மூலையில வாய்க்கால் ஓடுது, இந்த வீட்டுல பிள்ளைக்கு உருப்படியா எதுவும் அமையாதுன்னுட்டாரு. என் பையன் அப்ப படிச்சு முடிச்சுட்டு வேலையில்லாம இருந்தான். மூணு கம்பெனி ஏறி இறங்கிட்டான். ராத்திரியெல்லாம் மேல பாத்துக்கிட்டே படுத்திருப்பான். பெத்தவனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. மண்ணு அடிச்சு மூடினேன். என் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற வாய்க்காலை மட்டுந்தான் மூடினேன். மேல கனமா இருக்கணும்னாரு, அதனால அங்கயே ஒரு பெட்ரூம் எழுப்பினேன். புங்க மரம் இடைஞ்சலா இருந்துச்சு, எப்பப் பாத்தாலும் பூவும் சருகும் கொட்டி காரெல்லாம் அசிங்கம் பண்ணிக்கிட்டிருந்துச்சு, அதையும் எடுத்துட்டேன். மதிலை அவன் வரப்பு வரைக்கும் கொண்டுபோய்க் கட்டினேன்.

நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. ரூமுக்குக் கான்கிரீட் போட்ட அடுத்த மாசமே பையனுக்குக் கனடா விசா வந்துருச்சு. இப்ப அங்கதான் இருக்கான். கல்யாணமும் அங்கயே ஆயிடுச்சு. வர்றதுக்குத்தான் லீவு கிடைக்கல. விசாலம் சில சமயம் சொல்லுவா, வேலையில்லாம இருந்தப்பவாவது வீட்டுல இருந்தான்னு. அவ அப்படித்தான் எதையாச்சும் சொல்லிக்கிட்டிருப்பா.

இதைப் பாத்துட்டு அடுத்தடுத்த வீட்டுக்காரங்களும் அவங்கவங்க பின்னாடி இருந்ததை எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தர் கார் ஷெட்டு, ஒருத்தர் மாடிப்படி. நான் தப்புன்னு சொல்லல. ஆனா அவங்களுக்கு வாஸ்துக் காரணம் கிடையாது, அது வெறும் பேராசை.

இந்தாங்க, காபி எடுத்துக்குங்க. பாத்தீங்களா, வச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம போறா. முன்னல்லாம் இப்படி இல்ல.

அதுக்கப்புறந்தான் தம்பி வைரக்கண்ணு தன் வேலையைக் காட்ட ஆரம்பிச்சான். அவன் மோட்டார் கொட்டாய் சரியா என் பெட்ரூம் ஜன்னலுக்கு எதிர்ல. கை நீட்டினா தொடலாம். மும்முனைக் கரண்ட்டு எப்ப வருதோ அப்பல்லாம் ஓடும். நான் போய்க் கேட்டேன், ஏன்யா மோட்டாரைக் கொண்டாந்து என் தலைமாட்டுல வச்சிருக்கியேன்னு. மோட்டாரு எங்க அப்பா காலத்துல இருந்து அங்கதான் சார் இருக்கு, நீங்கதான் தலைமாட்டைக் கொண்டாந்திருக்கீங்கங்கறான். பேச்சைப் பாருங்க. அப்புறம் சித்திரையில ஆட்டுக் கிடை போட்டான். வயலுக்கு உரமாம். ஆடெல்லாம் ராவும் பகலும் கத்துது, மூத்திர வாடை சோத்துல வரைக்கும் வருது. கதிர் வாங்கினா மயிலு வரும்னு தகரத்தைத் தட்டுவான், வெடி போடுவான். மருந்து அடிச்சா நேரா என் வீட்டுக்குள்ள வரும். நடுவுல எதுவும் தடுக்கல பாருங்க. தடுக்கிற மாதிரி அவன் ஏதாச்சும் மரங்கிரம் வச்சிருக்கலாமில்ல? அந்த அக்கறை கிடையாது.

நான் நம்ம நகர்க் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். மனு எழுதறதுல நான் கொஞ்சம் கெட்டிக்காரன். மோட்டாருக்கு ஒண்ணு, கிடைக்கு ஒண்ணு, வெடிக்கு ஒண்ணுன்னு வகை வகையா எழுதினேன். காட்சிக்குன்னு காசு கொடுத்த ஜன்னலை மூடி ஏசி போட்டேன். சொல்லப்போனா நஷ்டம் எனக்குத்தான்.

இதுல விசாலம் வேற. அந்த வைரக்கண்ணு சம்சாரம் பவுனம்மாவும் இவளும் ஒட்டு. மதில்ல ஒரு இடத்துல செங்கல்லு எடுத்து ஓட்டை விட்டிருந்தா, எனக்குத் தெரியாம. அது வழியா அவ பொன்னாங்கண்ணி கொடுப்பா, இவ இட்லி மாவு கொடுப்பா. எதிராளிகிட்ட கீரை வாங்கித் தின்னுட்டு நான் எப்படி மனு எழுதறது? அந்த ஓட்டையை அடைச்சேன். அடைக்கிறப்ப மேஸ்திரி பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தா. சண்டை போடல. எனக்கே அது ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

அந்த ஐப்பசியைச் சொல்லணும். குறுவை முத்தி நிக்குது, அறுக்க வேண்டியதுதான் பாக்கி. அடைமழை பிடிச்சுக்கிச்சு. வயலு பூராத் தண்ணி. போறதுக்கு வழியில்ல. காலையில பத்து மணி இருக்கும், கொல்லைக் கேட்டுல ஆள் தட்டுற சத்தம். போய்ப் பாத்தா வைரக்கண்ணு, தலையில யூரியாச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கிட்டு, கையில மம்முட்டியோட நிக்கறான்.

"சார், ஒரே ஒரு நாளைக்கு. உங்க ரூமு ஓரமா ஒரு கீத்து வெட்டி விட்டுர்றேன். தண்ணி வடிஞ்சதும் நானே மூடிக் கொடுத்துர்றேன். நெல்லு சாஞ்சிரும் சார்."

நியாயமாத்தான் கேட்டான். இல்லேங்கல. ஆனா ஒரு நாள்னாலும் தண்ணி தண்ணிதான? அதுவும் கன்னி மூலையில. அன்னிக்குன்னு பாத்து பையனுக்கு அங்க நிரந்தரக் குடியுரிமைக்கு ஏதோ இண்டர்வியூ. நான் என்ன பண்ணட்டும்? அந்த மூலையைத் திறந்து விட்டுட்டு, அங்க அவனுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிடுச்சுன்னா அப்புறம் நான் யாரைக் கேக்கறது? முடியாதுப்பான்னுட்டேன். விசாலம் பின்னாடியே நின்னா. திறந்து விடுங்கன்னா. அடுப்படியில இருந்து ஓடி வந்த வாக்குல, கையெல்லாம் மாவு. திறந்து விடுங்க, நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னா. நீ உள்ள போன்னேன். வைரக்கண்ணு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். மம்முட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

கொஞ்சம் நெல்லு போச்சுன்னாங்க. கதிர்லயே முளை விட்டுருச்சாம். பவுனம்மா அதை ஒரு கைப்பிடி அறுத்து எடுத்துட்டு வந்து வாசல்ல விசாலத்துக்கிட்ட காட்டிட்டுப் போனா. பச்சையா முளைச்சு மயிரு மாதிரி இருந்துச்சு. சரி, அவங்களுக்காவது வயல்ல நின்னுச்சு. எனக்கு? அதே தண்ணி மதிலுக்கு அடியில புகுந்து என் ஹாலுக்கே வந்துருச்சு. சோபாவெல்லாம் நாசம். அவன் வயல் தண்ணி என் வீட்டுக்குள்ள எப்படி வரலாம்? அதுக்கும் ஒரு மனு கொடுத்தேன்.

அந்த மனுதான் வேலை செஞ்சுது. கோட்டாட்சியர் ஆபீஸ்ல ரெண்டு தரப்பையும் கூப்பிட்டாங்க. அங்க போனா, யாரு வந்திருக்காங்கறீங்க? இன்பவல்லி. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னு வணக்கம் சொன்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. மேசையில பிளானை விரிச்சு வச்சு, ஒவ்வொண்ணா சொன்னா. அந்த இருபது அடியை மறுபடி விடணும், வாய்க்காலைத் தோண்டணும், மரம் வைக்கணும். வைரக்கண்ணு மோட்டார் கொட்டாயை வயலு நடுவுக்கு மாத்திக்கணும், காத்து வீடுகளைப் பாத்து அடிக்கிறப்ப மருந்து தெளிக்கக் கூடாது, கிடை போடறதுன்னா முன்னாடியே நகர்ல சொல்லிடணும். வைரக்கண்ணு எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டினான். மோட்டாரை என் செலவுலயே மாத்திக்கறேன், வாய்க்கால் மட்டும் வேணும்னான். ஆட்டத்தானே செய்வான், அவனுக்கு என்ன நஷ்டம்? இடிக்கிறது என் பெட்ரூமை இல்ல?

நான் ஒத்துக்கலேன்னதும் அந்தப் பொண்ணு மெதுவாக் கேட்டா. "சார், தண்ணிக்கு வழி விட்டுட்டுத்தான் வீட்டுக்கு இடம் பாக்கணும்னு நீங்கதான சார் கிளாஸ்ல சொன்னீங்க?"

எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் ஞாபகம் வச்சிருக்கா பாருங்க. நான் பாடம் எடுத்தா அப்படித்தான். அங்க இருந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னேன், இது என் ஸ்டூடண்ட்டுன்னு. அவ என்னமோ சந்தோஷப்பட்ட மாதிரி தெரியல. பிளானைச் சுருட்டிக்கிட்டா.

அப்பத்தான் நான் எழுந்து பேசினேன். நல்லாப் பேசினேன், நம்ம ஆளுங்க கை தட்டினாங்க. "எங்களுக்கு யாரு மேலயும் பகை இல்ல. குடியிருக்கிற இடத்துல விவசாயம் ஒத்து வராது. அந்த இடத்துல விவசாயத்தைத் தவிர எது வந்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

வைரக்கண்ணு நிமிந்து பாத்தான். "எது வந்தாலுமா சார்?"

"எது வந்தாலும்."

"சரிங்க சார்"னுட்டு எழுந்துட்டான். அவ்வளவு சுலபமா விட்டுக் கொடுப்பான்னு நானே நினைக்கல.

அதுக்கு அடுத்த போகம் அவன் எதுவும் போடல. வயலு தரிசாக் கிடந்துச்சு. மோட்டாரு ஓடல, ஆடு கத்தல. ஜெயிச்சுட்டேன் தம்பி. ஆனா விசாலத்துக்குத் தூக்கம் வரல. அந்த மோட்டார்ச் சத்தம் இல்லாம என்னமோ மாதிரி இருக்குங்கறா. எத்தனை நாள் அந்தச் சத்தத்துக்காக நான் அலைஞ்சேன், இவ அதைக் கேட்டுக்கிட்டே நல்லாத் தூங்கியிருக்கா. இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா? கொக்கும் வரல. நானும் ஒரு நாள் ராத்திரி ஏசியை நிறுத்திட்டு, மோட்டாரு ஓடுதான்னு காது கொடுத்துப் பாத்தேன். வயசாகுதில்ல, அதான்.

அப்புறம் ஜேசிபி வந்துச்சு. லாரி லாரியா மண்ணு வந்து இறங்குச்சு. வீடு கட்டப் போறாங்கன்னு நினைச்சு நான் சங்கத்துல எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். வைரக்கண்ணுக்கு மச்சான் ஒருத்தன் சிங்கப்பூர்ல இருக்கானாம், அவன் பணம் போட்டானாம். ஒரு வருஷத்துல எழுந்துருச்சு. பவுனம்மாள் மஹால்.

ஆமா. கல்யாண மண்டபந்தான். அந்த வெள்ளைக் கட்டடம்.

திறப்பு விழாவுக்கு வைரக்கண்ணு... அவரே வந்தாரு, சம்சாரத்தோட. தட்டுல வெத்தலை, பாக்கு, பழம் எல்லாம் வச்சுக் கூப்பிட்டாரு. முன் வரிசையில சோபா போட்டு உக்கார வச்சாங்க. பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போத்தினாரு. மைக்குல சொன்னாரு, சபாபதி சார் மட்டும் அன்னிக்கு அப்படிச் சொல்லாட்டி நான் இன்னும் சேத்துலதான் நின்னுக்கிட்டு இருப்பேன்னு. நல்ல மரியாதை தெரிஞ்ச மனுஷன். அந்தப் பொன்னாடை பீரோவுல இருக்கு, காட்டறேன். விசாலம் சாப்பிடாமலே வந்துட்டா. பவுனம்மாகிட்ட போய் இனிமே கீரைக்கு எங்கம்மா போறதுன்னு கேட்டாளாம். அந்தம்மா இவ கையைப் பிடிச்சுக்கிட்டு, நானே இப்ப மார்க்கெட்டுலதாங்க்கா வாங்கறேன்னு சொல்லி அழுதுச்சாம். அவ்வளவு பெரிய மண்டபத்துக்குப் பேரு வச்சிருக்கு, அழறாங்க.

இல்ல தம்பி, அப்படியொண்ணும் சத்தம் இருக்காது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம்தான். மங்களமான சத்தம். நாதஸ்வரம் யாருக்குத் தொந்தரவு? வெள்ளென மூணு மணிக்கு ஆரம்பிப்பாங்க, அவ்வளவுதான். இப்ப புதுசா கேரளாக்காரங்க செண்டை மேளம் ஒண்ணு கொண்டாந்திருக்காங்க, அதுதான் கொஞ்சம் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். மாப்பிள்ளை அழைப்புன்னா வெடி. மயிலுக்குப் போட்டாரே, அதெல்லாம் வெடியே இல்ல. அப்புறம் பாட்டுக் கச்சேரி. ஜெனரேட்டர் எங்க வச்சிருக்காங்கன்னா, மோட்டார் கொட்டாய் இருந்துச்சே, சரியா அதே இடம். புகை கன்னி மூலைக்குத்தான் வரும். எச்சி இலைக்குப் பின்னாடி ஒரு குழி வச்சிருக்காங்க. ஆட்டு மூத்திர வாடையெல்லாம் அதுக்கு முன்னாடி சந்தனம். அவங்க இடத்தை மண்ணு போட்டு உசத்திட்டாங்க, தளமும் போட்டுட்டாங்க. அதனால மழை பெஞ்சா ஒரு சொட்டு அங்க நிக்கிறதில்ல, பூரா இந்தப் பக்கந்தான். ஹால்ல முட்டிக்குக் கீழதான் நிக்கும். சோபாவை மாடிக்கு ஏத்திட்டா ஒண்ணும் ஆகாது.

நான் போய்ச் சொல்லாம இல்ல. அவரும் தன்மையாத்தான் பேசினாரு. சேர் போட்டு உக்கார வச்சு, ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து, "எது வந்தாலும்னு சொன்னீங்களே சார்"னாரு. குத்தியெல்லாம் காட்டல, சும்மா ஞாபகப்படுத்தினாரு. விவசாயம்னா தினம் தினம் தொல்லை சார், இதுல ஆடியும் மார்கழியும் உங்களுக்கு முழுசா லீவுன்னாரு. அதுவும் உண்மைதான். ஆடி பிறந்தாத்தான் எங்களுக்கு மூச்சே வரும். அதனாலதான் புரோக்கர்கிட்ட...

அதை விடுங்க. நான் எதையும் மறைக்கலேன்னு சொன்னேனில்ல, பாருங்க, எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

ஏன் எழுந்துட்டீங்க? ரூமைப் பாக்கலியே நீங்க. விலையில வேணும்னா பேசிக்கலாம். காபியை முழுசாக் குடிங்க. வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றீங்களா? சரி, கேளுங்க. ஆனா ஆடிக்குள்ள சொல்லிடுங்க. இதுக்கு முன்னாடி வந்தவங்களும் கலந்துக்கிட்டுச் சொல்றேன்னுதான் போனாங்க. ஒருத்தர் வைகாசியில வந்தாரு, நான் பேசினது ஒண்ணும் அவருக்குக் கேக்கவே இல்ல, கையைக் காட்டிட்டுப் போயிட்டாரு. இது வித்தாத்தான் தம்பி எங்களுக்கு அடுத்தது. இருந்ததையெல்லாம் இதுலதான் போட்டேன்.

நாங்க எங்க போறோமா? முசிறி ரோட்டுல ஒரு மனை பாத்து வச்சிருக்கேன். அடேயப்பா, இடம்னா அது இடம். மூணு பக்கமும் வயலு, ஒரு பக்கம் வாழை. ஒரு சத்தம் கிடையாது, ஆடின்னாலும் ஆவணின்னாலும். விசாலத்தைப் போன வாரம் கூட்டிட்டுப் போனேன். வரப்புல நின்னுட்டா, ரொம்ப நேரம் வரவே இல்ல. எத்தனையோ நாளைக்கப்புறம் அவ முகத்துல ஒரு தெளிச்சி. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"இந்தத் தடவையாவது மதில் கட்டாம இருப்பீங்களா?"

மதில் இல்லாம வீடா? பொம்பளைங்களுக்கு என்ன தெரியும். ஆகட்டும் பாக்கலாம்னு சொல்லி வச்சேன்.

பக்கத்து மனை இன்னும் காலியாத்தான் இருக்கு. இது பிடிக்கலேன்னா அதையாவது வந்து பாருங்க, நானே கூட்டிட்டுப் போறேன். ஒட்டி இருக்கிற வயக்காரரும் நல்ல மனுஷன், கேக்காமலே இளநி வெட்டிக் கொடுத்தாரு. நடுவுல தாராளமா இடம் விட்டு, மரமெல்லாம் வச்சு, எல்லாம் பிளான்படி இருக்கு. ஒரே ஒரு குறைதான். கன்னி மூலையில ஒரு வாய்க்கால் ஓடுது. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், ரெண்டு லோடு மண்ணு அடிச்சா சரியாப் போயிடும்.